கூடாத குழு

மருத்துவமனை சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் டாக்டர்மீது போடும் வழக்கு என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். என்னைத் தேடி வரும் கட்சிக்காரர்களும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஊசி மாற்றிப் போட்டார்கள், நேரத்துக்கு வந்து பார்க்கவில்லை, கேட்டால் எரிந்து விழுந்தார்கள் என்பார்கள். 2017-இல் தென்மாவட்டம் ஒன்றிலிருந்து மதுரைக்கு வந்த அந்த அம்மாள் வேறு மாதிரி ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா மேல ஒரு குத்தமும் இல்லீங்கய்யா. ராவு முழுக்க எம்புள்ள பக்கத்துலயேதான் நின்னாங்க. அந்த மிஷின ஏன் யாருமே சரி பண்ணலைன்னு மட்டும் எனக்குத் தெரியணும்" என்றார்.

அவருடைய மகளுக்கு அது இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை சிசேரியன். வலி வந்ததும் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். நள்ளிரவுக்கு மேல் குழந்தை இறங்கவில்லை, பழைய தழும்பு தாங்காது, உடனே அறுவைசிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் முடிவெடுத்தார். மயக்க மருந்து டாக்டரும் வந்துவிட்டார். ஆனால் தியேட்டரில் கிருமி நீக்கிய கருவிக்கட்டு ஒன்றுகூட மிச்சமில்லை. அங்கே இருந்த இரண்டு ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம்) ஒன்றை முன்பே கண்டம் செய்துவிட்டார்கள். மற்றொன்றின் கதவு ரப்பர் தேய்ந்து நீராவி கசிந்துகொண்டிருந்தது. அழுத்தம் ஏறாது. பல மாதங்களாக அதை விட்டுவிட்டு ஓட்டியிருக்கிறார்கள். அன்று அது முழுவதுமாக நின்றுபோனது. 108 வண்டியில் ஒன்றரை மணிநேரப் பயணத்தில் இருந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்வதற்குள் கருப்பை கிழிந்துவிட்டது. தாயைக் காப்பாற்றினார்கள். குழந்தை இறந்தே பிறந்தது.

அந்த டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்த குறிப்புதான் என் கைக்குக் கிடைத்த முதல் ஆவணம். ஆட்டோகிளேவ் பழுது, கிருமி நீக்கிய கட்டுகள் இல்லை, அதனால் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார் என்று மணி, நிமிடத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பொதுவாக இந்த இடத்தில் 'மேல்சிகிச்சைக்காக' என்ற ஒரே சொல்தான் இருக்கும். காரணத்தை எழுதத் துணிவு வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் இந்த வழக்கே இல்லை.

மிஷினை ஏன் யாரும் சரி பண்ணவில்லை என்ற கேள்விக்குப் பதில் தேடப் போனால், தமிழ்நாட்டின் பொது மருத்துவ அமைப்பு முழுவதையும் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொதுச் சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன. தாலுகா மருத்துவமனைகளும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன. மாவட்டத்தில் அதற்கு ஓர் இணை இயக்குநர் இருக்கிறார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தைச் சேர்ந்தவை. கட்டடம் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. மருந்துக்குத் தனிக் கழகம் உண்டு. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து கொள்முதலை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்ததைப் பல மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றின. ஒவ்வொரு துறையும் தன் வேலையைத் திறமையாகவே செய்யலாம். ஆனால் துறைகளுக்கு நடுவே விழும் வேலையை யார் செய்வது? பழைய கருவியின் ரப்பர், ஓடாத லிஃப்ட், நோயாளியோடு வந்தவர் படுக்க ஓர் இடம், பிரசவ வார்டுக்கு வெந்நீர். இவையெல்லாம் எந்தத் துறைக்கும் முழுச் சொந்தமில்லை.

இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் பெயர் நோயாளர் நலச் சங்கம். அது பிறந்த கதையும் ஓர் அரசு மருத்துவமனையில் இருந்தே தொடங்குகிறது. 1994-இல் சூரத்தில் பிளேக் பரவியபோது, மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் உள்ள பெரிய அரசு மருத்துவமனையில் எலிகள் பெருத்துக் கிடந்தன. அப்போதைய மாவட்ட ஆட்சியர் நோயாளிகளை வேறு இடங்களுக்கு மாற்றி, ஊர்மக்களிடம் நன்கொடையும் திரட்டிக் கட்டடத்தையே சுத்தம் செய்தார். அந்த அனுபவத்திலிருந்து, அதிகாரிகளும் மக்களும் சேர்ந்து மருத்துவமனையை நடத்தும் 'ரோகி கல்யாண் சமிதி' என்ற ஏற்பாடு உருவானது. 2005 ஏப்ரலில் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது அதை நாடு முழுவதும் விரித்தார்கள். மாவட்ட மருத்துவமனைச் சங்கத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய், ஆரம்ப சுகாதார நிலையச் சங்கத்துக்கு 1 லட்சம் ரூபாய் என்று மானியம் வகுத்தார்கள். இந்தப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று டெல்லியோ சென்னையோ சொல்லாது. அந்தந்த மருத்துவமனையின் ஆட்சிக்குழு கூடித் தீர்மானிக்க வேண்டும். எங்கள் வழக்கில் இருந்த சங்கத்துக்கு மாவட்ட ஆட்சியர் தலைவர், மருத்துவமனைக் கண்காணிப்பாளர் உறுப்பினர்-செயலர். இணை இயக்குநர், பொதுப்பணித் துறைப் பொறியாளர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், பொதுமக்கள் சார்பில் இருவர் உறுப்பினர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஆட்சிக்குழு கூட வேண்டும் என்று துணைவிதி சொன்னது.

ரப்பர் மாற்றக் கேட்ட விலை இருபதாயிரத்துக்கும் குறைவு. சங்கத்தின் வங்கிக் கணக்கில் பத்து லட்சத்துக்கும் மேல் செலவாகாமல் கிடந்தது. இதை நான் விளக்கிச் சொன்னபோது அந்த அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தார். கூலிக்கு நாற்று நடப் போகிறவர். "கம்மா நெறையத் தண்ணி கெடக்கு. மடையத் தெறக்க ஆளில்லாமப் பயிரு காஞ்சிருச்சு. அப்படித்தானேங்கய்யா?" என்றார். வழக்கின் சாரத்தை அதைவிடச் சுருக்கமாக நீதிமன்றத்திலும் யாரும் சொல்லவில்லை.

இதை எங்கே கொண்டுபோவது? முதலில் நினைவுக்கு வருவது நுகர்வோர் நீதிமன்றம். அந்தக் கதவு 1995-லேயே மூடப்பட்டது. இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கூடவே, யாரிடமும் கட்டணம் வாங்காமல் எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை அதற்குள் வராது என்றும் சொல்லிவிட்டது. ஏழைகள் பெரும்பாலும் போகும் இடம் அதுதான். அவர்களுக்கு இந்த வழி இல்லை.

இரண்டாவது கதவு மாவட்டப் பதிவாளர் அலுவலகம். நோயாளர் நலச் சங்கம் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம். சங்கம் ஒழுங்காக நடக்கவில்லை என்றால் அந்தச் சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி பதிவாளர் விசாரணை நடத்தலாம். அவர் தாமாக முன்வந்து நடத்தலாம். நிர்வாகக் குழுவின் பெரும்பான்மையோர் கேட்கலாம். மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதோர் கேட்கலாம். மாவட்ட ஆட்சியரும் கேட்கலாம். நோயாளியோ நோயாளியின் தாயோ உறுப்பினர் அல்ல. அவர்களால் கேட்க முடியாது. ஆட்சியர் கேட்கலாம்தான், ஆனால் கூடாத குழுவின் தலைவரே அவர்தான். சட்டம் எழுதியவர்கள் ஆட்சியரைச் சங்கத்துக்கு வெளியே நிற்கும் காவலராக எண்ணினார்கள். பின்னால் வந்த திட்டம் அவரைச் சங்கத்துக்கு உள்ளே தலைவராக உட்காரவைத்தது. கேள்வி கேட்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே ஆளாகிப்போனார். தனிமனிதர் மேல் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மாவட்டத்தில் நடக்கும் எத்தனையோ குழுக்களுக்கு ஆட்சியர்தான் தலைவர். ஆனால் அமைப்பே இப்படி இருக்கும்போது, தவறு நடந்தால் தட்டிக் கேட்க எவரும் மிஞ்சுவதில்லை.

மிச்சமிருந்தது அரசியலமைப்பின் 226-ஆவது உறுப்பு. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

மனு போடுவதற்கு முன் ஆவணம் வேண்டும். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் எழுதினேன். ஆட்சிக்குழு கடந்த ஆண்டுகளில் கூடிய தேதிகள், தீர்மான நகல்கள், உறுப்பினர் பட்டியல், வங்கி இருப்பு, ஆட்டோகிளேவ் பற்றிய கடிதங்கள் ஆகியவற்றைக் கேட்டிருந்தேன். சங்கம் தனி அமைப்பு, பொது அதிகார அமைப்பு ஆகாது என்று முதல் பதில் வந்தது. கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிய 2013-ஆம் ஆண்டுத் தலப்பளம் தீர்ப்பை அதற்கு ஆதரவாகக் காட்டியிருந்தார்கள். முதல் மேல்முறையீட்டில் அதே தீர்ப்பைத்தான் நானும் காட்டினேன். அரசால் கணிசமாக நிதியளிக்கப்படும் சங்கம் சட்டத்துக்குள் வரும் என்பதும் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது. இந்தச் சங்கத்துக்கு அரசுப் பணத்தைத் தவிர வேறு வருமானமே இல்லை. மேலும், சட்டத்தின் 4-ஆவது பிரிவு, பொது அதிகார அமைப்பு தனது வாரியங்கள், குழுக்களின் பட்டியலையும், அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்பதையும் யாரும் கேட்காமல் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. மேல்முறையீட்டு அதிகாரி ஒப்புக்கொண்டார். ஆவணங்கள் வந்தன.

தீர்மானப் புத்தகத்தின் நகலை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. கடைசிக் கூட்டம் சம்பவத்துக்கு ஒன்றரை ஆண்டு முன்பு நடந்திருந்தது. அதற்குப் பின் இரண்டு முறை தேதி குறித்து ஒத்திவைத்திருந்தார்கள். ஆட்சியர் மாற்றலானது ஒரு காரணம், தேர்தல் பணி இன்னொரு காரணம். பொதுமக்கள் சார்பான இரண்டு இடங்களும் சங்கம் பதிவான நாள் முதலே நிரப்பப்படவில்லை. உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் இடங்களும் காலியாகத்தான் கிடந்தன. அதன் காரணம் மருத்துவமனைக்கு வெளியே இருந்தது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் ஆனது. நகராட்சி, மாநகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி. அந்த ஆண்டுகளில் தனி அலுவலர்கள் பொறுப்பில் இருந்தார்கள். ஊராட்சித் தேர்தல் நடக்காததற்கும் ஒரு மருத்துவமனையின் ஆட்டோகிளேவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மாவட்ட ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் இருந்திருந்தால், வாக்குக் கேட்டுப் போகும் ஊரில் ஒரு தாய் அவரை மறித்துக் கேட்டிருப்பார். அவர் குழுவில் எழுந்து கேட்டிருப்பார். அந்தச் சங்கிலி அறுந்துபோய்விட்டது. அரசியலமைப்பின் 11-ஆவது அட்டவணையில் 23-ஆவது இனமாக மருத்துவமனைகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் ஊராட்சிகளுக்கு உரிய பொருளாகச் சேர்த்ததற்கு அர்த்தம் அதுதான்.

தீர்மானப் புத்தகத்தோடு கூடவே வந்தது இன்னொரு கட்டு. தியேட்டர் பொறுப்பு நர்ஸ் எழுதிய கடிதங்கள். மாதம் தவறாமல் எழுதியிருந்தார். ரப்பர் கசிகிறது, அழுத்தம் ஏற இரண்டு மடங்கு நேரமாகிறது, ஒரு நாளைக்கு இவ்வளவு கட்டுகள்தான் தயாரிக்க முடிகிறது, அவசர சிசேரியன் இரண்டு சேர்ந்து வந்தால் சமாளிக்க முடியாது. ஒவ்வொரு கடிதத்தையும் கண்காணிப்பாளர் மேலே அனுப்பியிருந்தார். வாரண்டி முடிந்துவிட்டது, மருத்துவமனையின் சொந்த நிதியில் பழுது பார்த்துக்கொள்க என்று ஒரு பதில் வந்திருந்தது. அதன் ஓரத்தில் கண்காணிப்பாளர் பச்சை மையில் எழுதியிருந்தார்: 'அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் வைக்கவும்.' அதற்கு அடுத்த கூட்டம் நடக்கவேயில்லை.

மனுவில் என்ன கேட்பது என்பதில் எங்கள் அலுவலகத்தில் விவாதம் நடந்தது. இழப்பீடு கேட்டால் போதும், நீதிமன்றங்களுக்குப் பழகிய வழி அது என்றார்கள். எனக்கு அதில் ஒரு கவலை இருந்தது. இழப்பீடு என்று போனால், யாருடைய கவனக்குறைவால் குழந்தை இறந்தது என்ற விசாரணை வரும். உண்மைகளே தகராறில் இருக்கின்றன, ரிட்டில் தீர்க்க முடியாது, சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்பார்கள். போனால் உண்மையை எழுதிய டாக்டரும் உண்மையை எழுதிய நர்ஸும்தான் முதலில் கூண்டில் நிற்பார்கள். இரண்டு வழிகளையும் அவற்றின் நட்டங்களையும் அந்த அம்மாளிடமும் அவர் மகளிடமும் சொன்னேன். மகள்தான் முடிவெடுத்தார். "பணத்தப் பெறகு கேட்டுக்கலாம்ங்க. மொதல்ல அந்தக் கூட்டத்தப் போடச் சொல்லுங்க" என்றார். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்காமல் தனியே நிறுத்திவைத்துவிட்டு, கடமையைச் செய்ய ஆணையிடும் மேண்டமஸ் ரிட்டாக மனுவை எழுதினோம். கோரிக்கைகள் நான்கு. ஆட்சிக்குழுவைக் கூட்ட வேண்டும். காலி இடங்களை நிரப்ப வேண்டும். தீர்மானங்களையும் கணக்கையும் வெளியிட வேண்டும். கூட்டம் தள்ளிப்போனாலும் அவசரப் பழுது நிற்காதபடி ஓர் ஏற்பாடு வேண்டும்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நோட்டீஸ் ஆனது. எதிர்மனுவில் அரசுத் தரப்பு சொன்னவை எதிர்பார்த்தவைதான். சங்கம் தனி அமைப்பு, அதன்மேல் ரிட் செல்லாது. 36-ஆவது பிரிவில் மாற்று வழி இருக்கிறது. கூட்டம் எப்போது போடுவது என்பது நிர்வாகத்தின் விருப்பம்.

முதல் வாதத்துக்குப் பதில் 1980-ஆம் ஆண்டு அஜய் ஹாசியா தீர்ப்பிலும், 2002-இல் ஏழு நீதிபதிகள் தந்த பிரதீப் குமார் பிஸ்வாஸ் தீர்ப்பிலும் இருந்தது. ஒரு சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவானது என்பது முக்கியமல்ல. நிதியாலும் செயலாலும் நிர்வாகத்தாலும் அரசின் பிடியில் இருந்தால் அது அரசுதான். இங்கே பணம் அரசுடையது, கட்டடம் அரசுடையது, தலைவர் முதல் செயலர் வரை அரசு அதிகாரிகள். இரண்டாவது வாதத்துக்குச் சட்டப் பிரிவை அப்படியே படித்துக் காட்டினேன். மனுதாரர் உறுப்பினர் அல்ல என்பதும், ஆட்சியரே தலைவர் என்பதும் பதிவாகிவிட்டன.

அடுத்த விசாரணைக்கு வரும்போது அரசு வழக்கறிஞர் ஒரு கடிதத்தை நீட்டினார். ஆட்டோகிளேவ் பழுது பார்க்கப்பட்டுவிட்டது. புதிதாக ஒன்றும் வாங்கப்பட்டுவிட்டது. ஆகவே மனு பயனற்றதாகிவிட்டது, முடித்துவைக்கலாம்.

பொதுநல வழக்குகள் பெரும்பாலும் முடிந்துபோகும் இடம் இது. குழி மூடப்பட்டது, விளக்கு எரிகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது என்று ஒரு கடிதம் வரும். நீதிமன்றம் அதைப் பதிவுசெய்துகொண்டு மனுவை முடித்துவைக்கும். குழி ஏன் விழுந்தது, அடுத்த குழியை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி அப்படியே நின்றுவிடும். நீதிபதியும் கேட்டார்: "மெஷின் சரியாயிடுச்சே, இன்னும் என்ன வேணும்?"

அந்தக் கேள்விக்காகவே ஓர் அட்டவணை தயாரித்து, மனுவோடு தரும் ஆவணத் தொகுப்பில் சேர்த்திருந்தேன். இடப்பக்கம் நர்ஸ் கடிதம் எழுதிய தேதிகளும் கடிதத்தின் சாரமும். வலப்பக்கம் ஆட்சிக்குழு கூடிய தேதிகள். இடப்பக்கம் நிரம்பியிருந்தது. வலப்பக்கம் மேலே ஒரே ஒரு தேதி, பிறகு கடைசி வரை வெற்றிடம். "மை லார்ட், மெஷின் எங்கள் கோரிக்கையில் இல்லை. நான்கு கோரிக்கையில் ஒன்றுகூட மெஷினைப் பற்றியது அல்ல. மெஷின் நின்றபோது அதைக் கேட்க வேண்டிய குழு ஒன்றரை வருஷம் கூடவில்லை. இன்றுவரையும் கூடவில்லை. இந்தப் பழுதுகூட அந்தக் குழுவின் தீர்மானத்தால் நடக்கவில்லை, இந்த நீதிமன்றத்தின் நோட்டீஸால் நடந்திருக்கிறது. நாளைக்கு ரத்த வங்கியின் குளிர்பெட்டி நின்றால் அதற்கும் ஒரு தாய் மதுரைக்கு வர வேண்டுமா?" என்று கேட்டேன்.

பிறகு 1996-ஆம் ஆண்டு பச்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி தீர்ப்பைப் படித்தேன். ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் அவர் தனியார் மருத்துவமனையில் பணம் செலவழித்துச் சிகிச்சை பெற்றார். அரசு மருத்துவமனை தக்க நேரத்தில் சிகிச்சை தராதது 21-ஆவது உறுப்பு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றது உச்ச நீதிமன்றம். 25,000 ரூபாய் இழப்பீடு தந்தது. இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் அதோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேலும் நீதிமன்றம் போனது. ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மாவட்ட மருத்துவமனை வரை என்னென்ன வசதி இருக்க வேண்டும், காலியான படுக்கை எங்கே என்று தெரிந்துகொள்ள என்ன ஏற்பாடு வேண்டும் என்று அமைப்பையே திருத்தும் வழிகளைச் சொன்னது. பணமில்லை என்ற காரணம் அரசியலமைப்புக் கடமைக்குத் தடையாகாது என்றும் சொன்னது. எங்கள் வழக்கில் பணமில்லை என்றுகூட யாரும் சொல்லவில்லை. பணம் இருந்தது, கூட்டம்தான் இல்லை.

நீதிபதி அட்டவணையை நெடுநேரம் பார்த்தார். மனு பயனற்றதாகிவிட்டது என்ற வாதத்தை ஏற்கவில்லை. நான்கு வாரத்துக்குள் ஆட்சிக்குழுவைக் கூட்ட வேண்டும். பொதுமக்கள் இடங்களை நிரப்ப வேண்டும், அதில் ஒருவர் அந்த மருத்துவமனையில் சிகிச்சை பெறும் பகுதியைச் சேர்ந்த பெண்ணாக இருக்க வேண்டும். கூட்டத் தேதியும் தீர்மானமும் வங்கி இருப்பும் புறநோயாளிகள் பிரிவின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். உயிர்காக்கும் கருவிகளின் அவசரப் பழுதுக்குக் குறிப்பிட்ட வரம்புவரை கண்காணிப்பாளரே செலவுசெய்து, பின்னர் குழுவின் ஒப்புதல் பெறலாம் என்று குழு தீர்மானம் போட வேண்டும் என்று ஆணையிட்டார். இழப்பீட்டுக்கு அரசிடம் தனியே மனுச் செய்யும் உரிமையைத் திறந்தே வைத்தார். ஆணையை நிறைவேற்றிய அறிக்கையைத் தாக்கல் செய்யத் தேதியும் குறித்தார்.

ஆணைப்படி கூட்டம் நடந்தது. தீர்மான நகல் எனக்கு வந்தது. அந்த ஒரே கூட்டத்தில் பல ஆண்டுகளாகத் தேங்கிய வேலைகள் நிறைவேறின. பிரசவ வார்டுக்கு வெந்நீர், இரண்டாவது ஜெனரேட்டர் இணைப்பு, தியேட்டர் கருவிகளுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். யாரும் பெரிதாக விவாதிக்கவில்லை, யாரும் எதிர்க்கவும் இல்லை. மேஜைக்கு வந்தவுடன் முடிந்துபோன வேலைகள் அவை. மகளுக்கும் பின்னர் அரசு நிதியிலிருந்து ஓர் இழப்பீடு கிடைத்தது. பெரிய தொகை அல்ல.

இந்த வழக்கு நடந்த நாட்களில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனை பற்றி ராபர்ட் பிரான்சிஸ் என்ற வழக்கறிஞர் நடத்திய பொது விசாரணையின் அறிக்கையைப் படித்தேன். 2013 பிப்ரவரியில் வெளியான அறிக்கை அது, 290 பரிந்துரைகள். குடிக்கத் தண்ணீர் கேட்டும் கிடைக்காத முதியவர்கள், கழிவிலேயே கிடந்த நோயாளிகள் என்று நெஞ்சை உலுக்கும் செய்திகள் அதில் உண்டு. அந்தத் துயரத்துக்கான முதல் பொறுப்பை அவர் மருத்துவமனையின் நிர்வாக வாரியத்தின்மேல் வைத்தார். நோயாளிகளும் ஊழியர்களும் சொன்னதை வாரியம் காதுகொடுத்துக் கேட்கவில்லை. நிதி இலக்குகளே அதன் கவனத்தை விழுங்கிவிட்டன என்பது அவர் முடிவு. அந்த நாட்டு வாரியத்துக்குச் சம்பளம் பெறும் இயக்குநர்கள், அலுவலகம், தணிக்கை எல்லாம் உண்டு. அது கூடியும் கேட்கவில்லை. இங்கே கூடவேயில்லை. கூட்டம் என்பது முதல் படி, கேட்பது இரண்டாவது படி. நீதிமன்றத்தால் முதல் படியை ஏறவைக்க முடியும். இரண்டாவதை ஏறவைக்க, அந்த மேஜையில் நோயாளியின் ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நம்முடைய மரபில் இதற்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. 1939-ஆம் ஆண்டு மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் அரசுக்கு ஆலோசனை சொல்லப் பொதுச் சுகாதார வாரியம் ஒன்றுக்கு வழிவகுத்தது. இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் சட்டம் அது. அண்மைக் காலத்தில் மாவட்டந்தோறும் சுகாதாரப் பேரவைகள் நடத்தி மக்களின் தேவைகளைக் கேட்கும் வழக்கமும் தொடங்கியிருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் பேரவை ஆண்டில் ஒரு நாள் நடப்பது. நோயாளர் நலச் சங்கம் ஆண்டு முழுவதும் நடக்க வேண்டியது. அந்தச் சங்கம் இன்னமும் ஒரு திட்டத்தின் வழிகாட்டுதலிலும் ஒரு துணைவிதியிலும்தான் உயிர்வாழ்கிறது. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தில் அதற்கு இடமில்லை. கூட்டம் போடாவிட்டால் என்ன ஆகும் என்று எங்கும் எழுதப்படவில்லை.

அதை எழுத வேண்டும் என்பதே இந்த வழக்கிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. சங்கத்தின் தலைவராக ஆட்சியர் இருக்கட்டும். ஆனால் அவர் வர முடியாத நாளில் கூட்டத்தை நடத்தத் துணைத்தலைவருக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கட்டும். தொடர்ந்து இரண்டு காலாண்டு கூடாவிட்டால், மாவட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு மேலதிகாரியிடம் காரணம் சொல்லும் கடமை இருக்கட்டும். நோயாளிகளின் இடங்கள் காலியாக இருக்கும்போது போட்ட தீர்மானம் செல்லுமா என்ற கேள்வி சட்டத்திலேயே தீர்க்கப்படட்டும். நர்ஸ் எழுதும் பழுதுக் கடிதம் தானாகவே அடுத்த கூட்டத்தின் பொருளாக வரட்டும். விசாரணை கேட்கும் உரிமை உறுப்பினர்களோடு நிற்காமல், அந்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவருக்கும் கிடைக்கட்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இப்படி ஒரு சங்கம் இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் யார், கடைசியாக எப்போது கூடினார்கள், என்ன தீர்மானித்தார்கள், கணக்கில் எவ்வளவு மிச்சம் என்று பத்து ரூபாயில் கேட்கலாம். அரசிடம் கணிசமாக நிதி பெறும் சங்கங்கள் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019-இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் மேலும் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனக்கு வந்த முதல் பதில் உங்களுக்கு வராது, வந்தாலும் நிற்காது. டாக்டரிடம் சத்தம் போடுவதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். வார்டில் நிற்கும் டாக்டரும் நர்ஸும் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான் நிற்கிறார்கள். அவர்களுடைய கடிதமும் உங்களுடையதைப் போலவே கூடாத ஒரு குழுவின் முன் காத்துக்கிடக்கிறது. உயிர்வாழும் உரிமை என்பது நீதிமன்றத் தீர்ப்புகளில் பெரிய சொல். ஒரு மாவட்ட மருத்துவமனையில் அதன் நடைமுறைப் பொருள், பொறுப்பில் உள்ளவர்கள் குறித்த நாளில் வந்து உட்கார்ந்து, கடிதத்தைப் படித்து, தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான். அதைச் செய்யாமல் விடுவதும் உரிமை மீறலே. அப்படித்தான் அதைப் பார்க்க வேண்டும், அப்படித்தான் அதற்காக வழக்கும் போட வேண்டும்.